இந்தியாவில் இணையத் தொடர்புக் கண்காணிப்பும் தனியுரிமையும்

குடிமக்களின் தொலைபேசி உரையாடல், மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்றவற்றை அரசு இடையிலேயே மறித்து அறிந்துகொள்வது இடைமறிப்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதை ஒட்டுக்கேட்பு என்பர். இந்தியாவில் இதற்கான அதிகாரம் தந்திக் காலத்திலேயே தோன்றியது. அது இணையத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, தந்திக்கு இருந்த ஒரு முக்கியக் கட்டுப்பாடு விடுபட்டுப் போனது.

தந்திச் சட்டம்

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் 5ஆம் பிரிவில் இடைமறிப்பை அனுமதித்தது. ஆனால் பொது நெருக்கடி நிலை ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்கு அது தேவைப்பட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாமல் ஆணை பிறப்பிக்க இயலாது. பின்னர் தொலைபேசியும் இதே சட்டத்தின் கீழ் வந்தது.

விடுதலைக்குப் பின், 1954இல் எம். பி. சர்மா வழக்கிலும் 1962இல் கரக் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அரசமைப்புச் சட்டம் தரும் உரிமையாக ஏற்கவில்லை.

1996 தீர்ப்பு

அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக எழுந்த செய்திகளைத் தொடர்ந்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொலைபேசி உரையாடல் தனியுரிமையின் பகுதி என்றது. உள்துறைச் செயலரே ஆணையிட வேண்டும், ஆணை 2 மாதங்களே செல்லும், நீட்டித்தாலும் 6 மாதங்களைத் தாண்டக் கூடாது, ஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என வழிமுறைகளையும் வகுத்தது. எனினும் நீதிபதியின் முன் அனுமதி தேவை எனக் கூற மறுத்துவிட்டது. ஆணையிடுவோரும் ஆய்வு செய்வோரும் அரசு அதிகாரிகளாகவே இருக்கும் நிலை அதனால் நீடித்தது.

இணையத்துக்கான சட்டம்

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு கணினி வழித் தகவல்களை இடைமறிக்க இடமளித்தது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற முன் நிபந்தனைகள் இதில் இடம்பெறவில்லை. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மேலும் விரிவாக்கி, எந்தக் குற்றத்தைப் புலனாய்வு செய்வதற்கும் இடைமறிக்கலாம் என்றது. மறையாக்கம் செய்த தகவலைத் திறந்து காட்ட உதவ மறுப்போருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த 10 அமைப்புகளுக்கு அனுமதி வழங்கியது. உளவுத்துறை, மத்தியப் புலனாய்வுத் துறை, அமலாக்க இயக்குநரகம், தில்லி காவல் ஆணையர் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர்.

தனியுரிமை அடிப்படை உரிமையாதல்

ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமெனில் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். தலையீடு அந்நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது.

2021இல் பெகாசசு உளவு மென்பொருள் குறித்த குற்றச்சாட்டுகள் வெளியாயின. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து, 5இல் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசசுதான் என உறுதியாகக் கூற இயலவில்லை எனவும் தெரிவித்தது.

தொடரும் வேறுபாடு

2025 ஜூலையில் ஒரு கையூட்டு வழக்கில், தந்திச் சட்டத்தின் கீழ் 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. சாதாரணக் குற்றப் புலனாய்வு பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்பது அதன் அடிப்படை. தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இவ்விரு நிபந்தனைகள் தொடர்கின்றன. ஆனால் 69ஆம் பிரிவின்படி மின்னஞ்சல் மறிக்கப்பட்டவர் இவ்வாதத்தை எழுப்ப முடியாது. அப்பிரிவில் அந்த நிபந்தனைகளே இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு தந்திக்குக் கிடைத்த அந்தக் காப்பு, இன்றைய மின்னஞ்சலுக்கு அச்சட்டப் பிரிவில் இல்லை.