வீ.ஜீ.ஏ. முதல் யூ.எஸ்.பி.-சீ வரை: லெப்டொப்பின் ஓரத்துத் துளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டு வேலைக்குமென்று பெரிய மொனிட்டர் வாங்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் கூடிவருகின்றன. அதோடு ஆசிரியர்களாகிய எங்களிடம் வரும் கேள்வியும் கூடுகிறது. "சேர், 4கே மொனிட்டர் என்றுதான் வாங்கினோம். லெப்டொப்பில் மாட்டினால் எழுத்து மங்கலாக வருகிறது, மவுஸ் இழுபடுகிறது. மொனிட்டர் பழுதா?"

அநேகமாகப் பழுது இருக்காது. லெப்டொப்பின் ஓரத்தில் உள்ள துளை எந்தக் காலத்துக்குரியது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்தத் துளைகளின் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம்.

மருதமுனைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் ஓடுகிறது என்பதில்தான் சாரனின் நேர்த்தி இருக்கிறது. திரையில் நூலுக்குப் பதில் பிக்சல் என்ற புள்ளிகள். சாதாரண லெப்டொப் திரையில் 1366 × 768, அதாவது சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. திரையில் சுமார் 20 இலட்சம். 4கே திரையில் 3840 × 2160, சுமார் 83 இலட்சம். இத்தனை புள்ளிகளின் நிறத்தையும் செக்கனுக்கு 60 தடவை கேபிள் வழியே அனுப்ப வேண்டும். வழி ஒடுக்கமாக இருந்தால் திரை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

முதலில் 1987. அந்த ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தனது பீ.எஸ்./2 கணினிகளோடு வீ.ஜீ.ஏ. முறையைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 துளைகள், இரண்டு பக்கமும் திருகாணி, பிற்காலத்தில் நீல நிறத் தலை. பாடசாலை புரொஜெக்டர்களில் இன்றும் நாங்கள் திருகும் அதே தலைதான். அன்றைய அளவு 640 × 480, மூன்று இலட்சம் புள்ளிகளே. வெறும் எழுத்து மட்டும் காட்டும் முறையில் ஓர் எழுத்துக்கு 9 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் ஒதுக்கினார்கள். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். எங்கள் ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் "ணை"யை அந்தக் கட்டத்துக்குள் அடக்கிப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். "ண"வும் "ன"வும் ஒன்றுபோலத் தெரிந்தால் "மணம்" எது, "மனம்" எது? கூர்மையான திரை ஆங்கிலம் வாசிப்பவரைவிடத் தமிழ் வாசிப்பவருக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வீ.ஜீ.ஏ.யில் இன்னொரு குறையும் உண்டு. அது நிறத்தை மின்னழுத்த ஏற்ற இறக்கமாக அனுப்புகிறது. கேபிள் நீண்டால், தரம் குறைந்தால், படம் கலங்கும். தட்டைத் திரைகள் வந்த பிறகு கணினி இலக்கங்களை மின்னழுத்தமாக மாற்றி அனுப்ப, மொனிட்டர் அதைத் திரும்ப இலக்கங்களாக மாற்றியது. இரண்டு தடவை மொழிபெயர்த்த கடிதம் போலத்தான்.

1994இல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. வீசா என்ற தர அமைப்பு (நாம் வெளிநாடு போக எடுக்கும் வீசா அல்ல) மொனிட்டர் தன்னைத் தானே அறிமுகப்படுத்தும் முறையை வகுத்தது. கேபிளை மாட்டியதும் மொனிட்டர் 128 பைட் அளவான ஒரு சிறு குறிப்பை அனுப்பும். என் பெயர் இது, நான் காட்டக்கூடிய அளவுகள் இவை என்று அதில் இருக்கும். ஈ.டி.ஐ.டி. என்பது இதன் பெயர். தரமில்லாத மாற்றி ஒன்றை நடுவில் மாட்டும்போது இந்தக் குறிப்பு கணினிக்குச் சரியாகப் போய்ச் சேராமல் விடலாம். அப்போது கணினி குறைந்த அளவொன்றைத் தானே தெரிந்துகொள்ளும். மங்கலான படத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1999இல் டீ.வீ.ஐ. வந்து இலக்கங்களை இலக்கங்களாகவே அனுப்பியது. ஆனால் அதன் சாதாரண இணைப்பு 1920 × 1200 வரைதான் தாங்கும். 2001இல் ஐ.பி.எம். ரீ220 என்ற மொனிட்டரை வெளியிட்டது. 22 அங்குலத் திரையில் 3840 × 2400, அதாவது 92 இலட்சம் புள்ளிகள். இன்றைய 4கேயை விடவும் அதிகம். அதை முழுமையாக இயக்க அக்காலத்துக் கேபிள் ஒன்று போதவில்லை. நான்கு டீ.வீ.ஐ. இணைப்புகள் வரை மாட்ட வேண்டியிருந்தது. திரை முன்னேறிவிட்டது, வழி பின்தங்கிவிட்டது. இன்று எங்கள் வீடுகளில் நடப்பதும் அதேதான்.

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் வந்ததால் லெப்டொப்பிலும் இடம் பிடித்தது. சிக்கல் என்னவென்றால், தலையின் வடிவம் மாறாமலே உள்ளே இருக்கும் தரம் மாறிக்கொண்டு வந்தது. 2009இல் வந்த 1.4 வகை 4கே படத்தைச் செக்கனுக்கு 30 தடவைதான் காட்டும். 2013இல் வந்த 2.0 வகைதான் 60 தடவை காட்டும்.

கணக்கைப் பார்ப்போம். 83 இலட்சம் புள்ளி, புள்ளிக்கு 24 பிட், செக்கனுக்கு 60 தடவை. பெருக்கினால் கிட்டத்தட்ட 1,194 கோடி பிட். 1.4 வகையில் படத்துக்குக் கிடைக்கும் வழி சுமார் 816 கோடி. ஆகவே அது 30 தடவைக்கு இறங்குகிறது. மவுஸ் இழுபடுவது அதனால்தான். 2.0 வகையில் 1,440 கோடி வரை போகும். 2013க்குப் பிறகு வந்த லெப்டொப்கள் பலவற்றிலும் பழைய 1.4 வகையே தொடர்ந்தது என்பதையும் கவனியுங்கள்.

2006இல் கணினிக்கென்றே டிஸ்ப்ளேபோர்ட் வந்தது. 2010இன் 1.2 வகை 4கேயை 60 தடவை தாராளமாகக் காட்டியது. அதே 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ போன்ற நிறுவனங்கள் 2015க்குள் வீ.ஜீ.ஏ.யைக் கைவிடப்போவதாக அறிவித்தன. 2014இல் யூ.எஸ்.பி.-சீ வந்தது. எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் அந்தச் சிறு துளைக்குள்ளே டிஸ்ப்ளேபோர்ட் படத்தையும் அனுப்பலாம். ஆனால் எல்லா யூ.எஸ்.பி.-சீ துளையும் படம் அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் கோப்புகளை மாற்றவும் மட்டும்தான்.

"இவ்வளவும் எதற்கு, படம் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடும் வீடுகளோடும் காகிதங்களும் போயின. உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், உம்மா வாப்பாவின் கடிதங்கள், பழைய பாடசாலை மலர்கள். அடுத்த ஆண்டு, 2005இல், நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே படப்பிரதிகளாக இருக்கின்றன. முஸ்லிம்களுக்கென்று தனி ஆவணகமும் உண்டு. 1882இல் சித்திலெப்பை தொடங்கிய முஸ்லிம் நேசன் முதல் இன்றுவரை, எங்கள் சமூகத்தின் எழுத்து வரலாறு நீண்டது. அதில் எஞ்சியிருப்பதை எங்கள் பிள்ளைகள் இனி அநேகமாகத் திரையில்தான் வாசிப்பார்கள்.

ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2480 × 3508 வரும். அதை அதன் முழு அளவில் 1366 அகலத் திரையில் பார்த்தால் வரியின் பாதிக்குச் சற்று மேல்தான் தெரியும். முழு எச்.டி.யிலும் வரியின் ஓரம் வெட்டுப்படும். 4கே திரையில் ஒவ்வொரு வரியும் முனை முதல் முனை வரை தெரியும். கீழே நகர்த்தினால் மட்டும் போதும். மங்கிய பழைய அச்சில் "ண"வா "ன"வா என்பதும், அரபுத்தமிழ்ப் பிரதியில் எழுத்தின் மேலும் கீழும் உள்ள நுக்தா புள்ளிகளும் தெளியும்.

ஆகவே வாங்கும் முன்னும் மாட்டும் முன்னும் இவற்றைப் பாருங்கள்.

1. லெப்டொப்பின் மொடல் இலக்கத்தை வைத்து எச்.டி.எம்.ஐ. 1.4ஆ 2.0ஆ என்று தேடுங்கள்.

2. யூ.எஸ்.பி.-சீ துளையின் அருகே டீ.யும் பீ.யும் சேர்ந்த குறியோ மின்னல் குறியோ இருந்தால் அதையே பாவியுங்கள். குறி இல்லாவிட்டால் மொடல் விபரத்தில் பாருங்கள்.

3. மலிவான ஹப்கள் பல 30 தடவையோடு நின்றுவிடும். பெட்டியில் "4கே 60 ஹேர்ட்ஸ்" என்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேபிளுக்கும் இதே விதிதான்.

4. மாட்டிய பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 3840 × 2160 என்றும் 60 ஹேர்ட்ஸ் என்றும் தெரிவு செய்யுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டாம், ஸ்கேலிங்கை 150 வீதமாக்குங்கள்.

5. லெப்டொப், மாற்றி, கேபிள், மொனிட்டர் ஆகிய நான்கில் எது பழையதோ அதன் தரமே உங்கள் படத்தின் தரம். செலவழிப்பதானால் முதலில் அந்த ஒன்றை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடல் விட்டுவைத்த பழைய புத்தகமோ கடிதமோ பாடசாலை மலரோ உங்கள் அலுமாரியில் இருந்தால், 300 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். வசதி இல்லாதவர்கள் எங்களுக்குச் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் மாணவர்களோடு வந்து செய்து தருகிறோம். மொனிட்டர் பிரச்சினை உள்ளவர்கள் லெப்டொப்பின் இரண்டு ஓரங்களையும் படமெடுத்துக் கமெண்டில் போடுங்கள். எந்தத் துளை, எந்தக் கேபிள் என்று பார்த்துச் சொல்கிறோம்.