மங்காத விளக்கு

பழைய ஜீப்பில் இராப்பயணம் போனவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வண்டி ஓட்டமாய் ஓடும்போது முன்விளக்குகள் பளிச்சென்று எரியும். ஓர் ஆற்றங்கரை வந்து, வண்டியை நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டிய சமயத்தில், எஞ்சினின் வேகம் தணிந்ததோ இல்லையோ, விளக்கு மஞ்சள் பூத்துச் சோர்ந்துவிடும். டிரைவர் நின்ற நிலையிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும விடுவார். வெளிச்சம் திரும்பி வரும். வேண்டாத இடத்தில் வாரி வழங்கி, வேண்டிய இடத்தில் கையை விரிக்கும் இந்தக் குணம் டிரைவரின் குற்றமல்ல. அதன் பின்னால் ஏறக்குறைய 130 வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

1831-ஆம் வருஷம் மைக்கேல் ஃபாரடே, காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று கண்டார். மறு வருஷமே பாரிஸில் ஹிப்போலித் பிக்ஸி, கையால் சுற்றும் ஒரு யந்திரத்தைச் செய்தார். அதில் பிறந்த மின்சாரமோ ஊஞ்சலைப் போல முன்னும் பின்னுமாக ஆடியது. அந்த ஆட்டம் அன்று யாருக்கும் பயன்படவில்லை. ஆம்பியரின் யோசனைப்படி பிக்ஸி அதனுடன் கமுட்டேட்டரைச் சேர்த்தார். மின்சாரம் திசை மாறும் கணத்தில் இணைப்பையும் மாற்றி, அதை ஒரே திசையில் ஓட வைக்கும் உபாயம் அது. இயல்பாக ஆடுவதை வலிந்து நேராக்கிய அந்தச் செப்பு வளையந்தான் பின்னால் வந்த டைனமோக்களுக்கெல்லாம் உயிர்நாடி, தலைவலியும் அதுவே.

1912-இல் சார்ல்ஸ் கெட்டரிங்கின் முயற்சியால் காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குப் பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரந்தான் பிடிக்கும். ஆகவே காருக்குள் டைனமோ நிலைத்துவிட்டது. நல்ல ரஸ்தாவில் ஓடும் காருக்கு அதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை.

ஜீப்பின் கதை வேறு. யுத்தத்துக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட இச்சிறு வண்டியின் முதல் மாதிரியை பாண்டம் கம்பெனி 49 நாள் கெடுவுக்குள் முடித்து, 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி ஒப்படைத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். சேற்றிலும் மணலிலும் ஊர்வதற்கென்றே பிறந்த வண்டிக்கு, ஓடினால்தான் சம்பாதிக்கும் 6 வோல்ட் டைனமோ வாய்த்தது!

டைனமோவில் சுழல்வது ஆர்மேச்சர். உண்டாகும் மின்சாரம் முழுவதும் கமுட்டேட்டர் வழியாக, கார்பன் பிரஷ்களை உரசிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மிக வேகமாகச் சுழற்றினால் சுற்றிய கம்பிகளே பிய்ந்து பறக்கும். அந்தப் பயத்தால் அதன் வேகத்தை அடக்கியே வைத்தார்கள். ஆகவே எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது கிட்டத்தட்டத் தூங்கிவிடும்.

ஆல்டர்னேட்டரில் இந்த ஏற்பாடு தலைகீழ். சுழல்வது காந்தம், மின்சாரம் பிறக்கும் கம்பிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. பிரஷ்களின் வழியே போவது காந்தத்துக்கு வேண்டிய சொற்ப மின்சாரமே. ஆகவே வேகமாகச் சுழற்றலாம்; எஞ்சின் சும்மா ஓடும்போதும் வருமானம் உண்டு. ஆனால் வருவது பிக்ஸி கண்ட அதே ஊஞ்சல் மின்சாரம். அதை நேராக்க அன்றிருந்த செலினியக் கருவிகள் பருமனானவை. பஸ் போன்ற பெரிய வண்டிகளுக்கே ஏற்றவை. 1950-களின் இறுதியில்தான் மலிவான சிலிக்கன் டயோடு வந்தது. மணலிலிருந்து எடுக்கும் பொருளால் ஆன, விரல் நுனியளவான ஆறு துண்டுகள் கமுட்டேட்டரின் வேலையை ஓசையின்றிச் செய்தன. கிரைஸ்லர் கம்பெனி 1960 மாடல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. காட்டு வழி வண்டிகளில் பெயர் பெற்ற லாண்ட் ரோவரில், 1971-இல் வந்த மூன்றாம் வரிசையோடு அது நிலைபெற்றது.

இன்று பழைய ஜீப்பைப் போற்றி வைத்திருப்பவர்கள் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரை மாட்டுகிறார்கள். நியாயந்தான். ஆனால் வரவு பெருகினால் மட்டும் போதாது. வாய்க்காலும் அகல வேண்டும். 30 ஆம்பியருக்கென்று போட்ட பழைய ஒயரிலும் ஆம்பியர் மீட்டரிலும் 60 ஆம்பியரைப் பாய விட்டால், மங்கிய விளக்குக்குப் பதில் வண்டியே எரியும். பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனை எர்த் ஆகியிருக்கும். அதைக் கவனியாமல் இணைத்தால் டயோடுகள் நொடியில் கருகும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். டைனமோவின் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் எஞ்சி நிற்கும், ஏழை வீட்டுத் தாய் அரிசிப் பானையில் ஒளித்து வைத்த காசு போல. பாட்டரி அடியோடு தீர்ந்துவிட்டாலும், சரிவில் உருட்டி விட்டால் அந்தச் சிறு காந்தத்தை முதலாக வைத்து அது எழுந்துவிடும். ஆல்டர்னேட்டருக்கோ பாட்டரி முதலில் கொஞ்சம் கடன் கொடுத்தால்தான் வியாபாரமே ஆரம்பமாகும். கிழவனை வேலையிலிருந்து நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். அவன் கைவசம் ஒரு வித்தை இருந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.