பிரசங்கபீடமும் பந்தாடுகளமும்

வாலிபரைச் சபையில் நிலைநிறுத்துவது எவ்வாறு என்ற கேள்வி, சிற்றூர்ச் சேகரங்களில் ஊழியம் செய்யும் என் போன்ற குருமாரின் கூடுகைகளில் எழும்போதெல்லாம், பாடகர் குழுவையும் வேதபாட வகுப்பையும் பற்றி நெடுநேரம் பேசுகிற நாம், ஆலய வளாகத்தின் பின்புறத்தில் மாலைதோறும் வலை கட்டிப் பந்தடிக்கும் பிள்ளைகளைக் குறித்து ஒரு வார்த்தையும் சொல்லாமலே கலைந்துவிடுகிறோம். விளையாட்டு வேறு, ஊழியம் வேறு என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும் அந்தக் கைப்பந்தும், அதற்கு நான்காண்டு மூத்த கூடைப்பந்தும், 1844-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைச் சிப்பந்தி லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிப கிறிஸ்தவ சங்கத்தின் மடியிலே பிறந்தவை என்பதையும், அவற்றுள் ஒன்றை ஆக்கியவர் வேதசாஸ்திரம் கற்றுத் தேர்ந்த ஒருவர் என்பதையும் அறிந்தவர்கள், அவ்வெண்ணத்தை அத்தனை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

ஜேம்ஸ் நைஸ்மித் 1861-இல் கனடாவின் ஆல்மாண்ட் என்ற ஊருக்கருகே பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்து, பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திக் காட்டில் மரம் வெட்டுவோரோடு சில ஆண்டுகள் உழைத்து, மீண்டும் பள்ளிக்குத் திரும்பிய அவர், குருத்துவ ஊழியத்தையே இலட்சியமாகக் கொண்டு மான்ட்ரியல் நகரில் மெக்கில் சர்வகலாசாலையிலும் பிறகு பிரெஸ்பிடீரியன் வேதசாஸ்திரக் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்தில் ஒரு ரக்பி ஆட்டத்தின் நடுவே, கோபத்தில் வாய்தவறித் தூஷணமாகப் பேசிவிட்ட சக ஆட்டக்காரர் ஒருவர், பக்கத்தில் நைஸ்மித் நிற்பதைக் கண்டதும் நாணி மன்னிப்புக் கேட்டாராம். ஒருபோதும் தம்மைக் கண்டித்திராத ஒருவர் உடனிருந்த மாத்திரத்திலே அம்மனிதர் தம்மைத் திருத்திக்கொண்டதை எண்ணி எண்ணிப் பார்த்த நைஸ்மித், வாலிபருக்கு நன்மை செய்யப் பிரசங்கபீடத்துக்கு வெளியேயும் வழியுண்டு என்ற தீர்மானத்துக்கு வந்தார். அவருடைய சகோதரிக்கு இது தீராத மனவருத்தமாயிற்று. அந்த வருத்தத்தை என்னால் உணர முடிகிறது. ஆனால் தீர்மானம் சரியென்றே கருதுகிறேன்.

1890-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வாலிப கிறிஸ்தவ சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரிக்கு அவர் சென்றார். மிஷனரி குடும்பத்தில் பிறந்த லூதர் குலிக் என்பவர், ஆவி, மனம், சரீரம் மூன்றும் சேர்ந்தே மனிதன் என்ற கருத்தை அங்கே போதித்துவந்தார். மறு ஆண்டுக் குளிர்காலத்தில், உடற்பயிற்சியில் சலிப்புற்று அடங்காமற்போன பதினெட்டு மாணவர் கொண்ட வகுப்பொன்று, முன்பு இரு ஆசிரியர்கள் முயன்று கைவிட்ட பிறகு, நைஸ்மித்திடம் வந்து சேர்ந்தது. கூடத்துக்குள்ளே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை இரு வாரத்துக்குள் உண்டாக்கும்படி குலிக் பணித்தார்.

நைஸ்மித் யோசித்த முறையே எனக்குப் பெரும் போதனையாகத் தோன்றுகிறது. மாணவரைக் குறைகூறாமல் ஆட்டங்களைக் குறைகாண முற்பட்ட அவர், பந்தைக் கையிலேந்தி ஓடுவதனாலன்றோ ஒருவனை ஒருவன் மோதி வீழ்த்துகிறான் என்று கண்டு, ஓட்டத்தை விலக்கினார். இலக்கு தரைமட்டத்தில் நிமிர்ந்து நிற்பதனாலன்றோ பந்தை வெறிகொண்டு எறிகிறார்கள் என்று கண்டு, அதைத் தலைக்கு மேலே கிடையாக உயர்த்தினார். பாறைமேல் வைத்த கல்லைக் கல்லெறிந்து தள்ளும் ஆட்டத்தில், வேகமாக எறிந்தவனைவிட மெல்ல வளைத்து எறிந்தவனே தேறினான் என்ற தம் பிள்ளைப்பருவ நினைவு அவருக்கு அப்போது கைகொடுத்தது. 1891 டிசம்பர் 21-ஆம் நாள், 10 அடி உயரத்தில் இரண்டு பீச்சுப்பழக் கூடைகளை அறைந்து, பதின்மூன்று விதிகளைச் சுவரில் ஒட்டி, அணிக்கு ஒன்பதின்மராக அவர்களை ஆடவிட்டார். இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, அடிப்பது அனைத்தும் குற்றம். பிறனைக் காயப்படுத்தும் நோக்கம் தெரிந்தால் ஆட்டம் முழுவதற்கும் விலக்கு. அன்று விழுந்தது ஒரே ஒரு கோல்.

1898-இல் கான்ஸஸ் சர்வகலாசாலை, ஜெபக்கூட ஆராதனையையும் சரீரப் பயிற்சியையும் ஒருங்கே நடத்த அவரை லாரன்ஸ் என்ற சிற்றூருக்கு அழைத்தது. அவ்விரண்டையும் ஒருவரிடமே ஒப்புவித்ததில் நான் ஒரு நல்விவேகத்தைக் காண்கிறேன். அங்கே அவர் பயிற்றிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. அக்கணக்கு அவரை வருத்தியதாகத் தெரியவில்லை. முதல் மகாயுத்தக் காலத்தில் குருப்பட்டம் பெற்றுப் படைவீரரிடையே சேவை செய்தபோதும், 1939-இல் லாரன்ஸில் மரித்தபோதும், தாம் ஊழியத்தை விட்டுவிட்டதாக அவர் நினைத்திருக்கமாட்டார்.

இப்பரம்பரை நம் நாட்டுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் ஊர்ப் பள்ளிகள்தோறும் இவ்வாட்டங்களைக் கொண்டுசென்றனர்.

எனினும், இவ்வரலாற்றில் திருச்சபை தலைகுனிந்து வாசிக்கவேண்டிய பக்கமும் உண்டு. கான்ஸஸில் நைஸ்மித்தின் கடைசி மாணவர்களுள் ஒருவரான ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவராதலின், சர்வகலாசாலை அணியில் அவர் ஆடுவதற்கு இடமில்லாதிருந்தது. முதியவரான நைஸ்மித் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, பயிற்சியாளருக்கு வேண்டிய அனைத்தையும் கற்பித்தார். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளராக மெக்லெண்டன் இருந்தபோது, அதே நகரிலிருந்த டியூக் சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியோடு தம் மாணவரை ஆடவிட விரும்பினார். நிறபேதச் சட்டம் அதற்கு இடந்தராதாகையால், ஊரார் யாவரும் ஆராதனைக்குச் சென்றிருக்கும் வேளையே பாதுகாப்பானது என்று தேர்ந்து, 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்தின் கதவுகளை அடைத்துக்கொண்டு ஆடினார்கள். மெக்லெண்டனின் மாணவர் 88-க்கு 44 என்று வென்றனர். பின்னர் இரு நிறத்தாரும் அணிகளுக்குள் கலந்து மற்றோர் ஆட்டமும் ஆடினர். அச்செய்தி பத்திரிகையில் வெளிவர ஐம்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.