நஞ்சும் அதன் மாற்றும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முதுமொழி. ஆயின், பாம்பின் எதிரே நாள்தோறும் நிற்பவன் படைவீரன் அல்லன். விடியுமுன் வயல் வரம்பில் வெறுங்காலுடன் செல்லும் கமக்காரனும், மண் வீட்டில் நிலத்திலே பாய் விரித்து உறங்கும் அவன் மக்களுமே ஆவர். பாம்புக்கடி மருந்தின் வரலாறும் இத்தகைய எளியோரிடத்திலேயே தொடங்குகின்றது.

1891 ஆம் ஆண்டிலே, தென் வியட்நாமில் பாக்லியு என்னும் இடத்தருகே மாரி வெள்ளத்தால் நாகங்கள் கிராமத்துட் புகுந்து 40 பேரைத் தீண்டின; நால்வர் மாண்டனர். அப்பொழுது சைகோன் நகரிற் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் அல்பேட் கல்மெத் அந்நஞ்சை ஆராயத் தலைப்பட்டார். நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தப்பெற்ற விலங்கின் குருதியில், அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் பிறத்தலை 1894 இல் நிறுவினார். அதே ஆண்டிற் பாரிசிலே பிசாலிக்ஸ், பேர்த்திரான் என்னும் இருவரும் இவ்வுண்மையைத் தனியே கண்டனர். பின்னர்க் குதிரைகளின் குருதியிலிருந்து மருந்து ஆக்கப்பட்டது.

நாகத்தின் நஞ்சுக்குக் கண்ட மாற்று எல்லாப் பாம்புகளுக்கும் ஏற்கும் எனக் கல்மெத் கருதினார். அது பிழை என்பதைப் பிறேசில் நாட்டு வைத்தியர் வித்தால் பிறேசில் காட்டினார். தம் நாட்டுப் பாம்புகளுக்கு அம்மருந்து உதவாமை கண்டு, அவ்வவற்றின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்தார்.

இவ்வுண்மை நம் நாட்டுக்கும் பொருந்தும். இலங்கை ஆசுபத்திரிகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது இந்தியப் பாம்புகளின் நஞ்சினால் ஆக்கிய மருந்து. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை என்னும் நான்கிற்கே அது உரியது. இத்தீவிற் பெரிதும் கடிக்கின்ற, மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியனுக்கு அதில் மாற்றில்லை. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் வீடுவீடாக எடுத்த நாடளாவிய கணக்கின்படி, ஓராண்டிற் பாம்புக்கடிக்கு ஆளானோர் ஏறக்குறைய 80,000 பேர். மாண்டோர் 400 பேர். ஆசுபத்திரிப் பதிவுகள் காட்டியதிலும் இது மிக அதிகம். உலக சுகாதார நிறுவனமோ 2017 இலேதான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் முன்னிடத்தில் வைத்தது.

பெரியோர்களே, இளைஞர்களே! கட்டுவிரியன் கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ தோன்றாதிருத்தல் உண்டு. மூச்சு அடங்கும்போதே பலர் அறிகின்றனர். ஆதலின், பார்வை பார்ப்பதற்கும் பச்சிலைக்கும் முதல் நாழிகைகளைச் செலவிடல் ஆகாது. கடிவாயைக் கீறாமலும், இறுகக் கட்டாமலும், கடியுண்டவரை அசையாது கிடத்தி ஆசுபத்திரிக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். மருந்து கண்டு நூறாண்டு கடந்துவிட்டது. நம் பாம்புகளுக்குரிய மருந்தை ஆக்குவதும், கிராமத்தானை அதனிடம் காலத்தில் சேர்ப்பதும் நம் தலைமுறையின் கடனாகும்.