பழைய மடல்களில் ஒரு சொல்லைத் தேடுவது எப்படி?

மறைந்த நண்பர் ஒருவரின் கடிதங்களைத் தொகுக்க விரும்புவதாக அவர் மகள் எழுதியிருந்தார். நண்பர் தேர்ந்த வாசகர்; அச்சில் எழுதியது மிகக் குறைவு. எழுதியதெல்லாம் மின்மடல்களில்தான். தம் ஊர்க் கிணறு ஒன்றைப் பற்றி 2001 வாக்கில் எனக்கு எழுதிய நீண்ட மடல் நன்றாக நினைவிருந்தது. என் பழைய மடல்கள் எல்லாம் வன்தட்டில் பத்திரமாக இருந்தன. 'கிணறு' என்று தேடினேன். அப்படி எதுவும் இல்லை என்றது கணினி.

மடல் இருந்தது. தேடிய நிரலுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. பத்து, இருபது ஆண்டு மடல்களைச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

மடல்கள் சேமிக்கப்படும் விதம்

சேமித்த மடல்களுக்கு இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. ஒன்று எம்பாக்ஸ். ஒரு பெட்டியின் எல்லா மடல்களும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். ஜிமெயிலிலிருந்து மடல்களை மொத்தமாக இறக்கினால் கிடைப்பது இந்த வடிவம்தான். மற்றது மெயில்டிர். கியூமெயில் என்ற அஞ்சல் வழங்கியை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990களில் வகுத்தது. இதில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. நாம் பார்க்கப்போகும் தேடல் கருவிகளுக்கு இந்த இரண்டாவது வடிவமே ஏற்றது. எம்பாக்ஸை மெயில்டிராக மாற்றச் சிறு நிரல்கள் இருக்கின்றன. மடல்கள் இன்னும் வழங்கியில் இருந்தால் எம்பிஸிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்றவற்றால் நேரடியாக மெயில்டிராகவே இறக்கிக்கொள்ளலாம்.

கிரெப் ஏன் கைவிடுகிறது?

கட்டளை வரியில் தேடல் என்றதும் நினைவுக்கு வருவது கிரெப். யூனிக்ஸின் தொடக்க காலத்தில் கென் தாம்சன் எழுதியது. கோப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்து, கேட்ட எழுத்துத் தொடர் உள்ள வரிகளைக் காட்டும். ஆங்கில மடல்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

தமிழ் மடல்களில் இது தடுமாறுகிறது. மின்னஞ்சல் ஆதியில் ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்க அமைந்தது. 1992இல் வந்த மைம் என்ற நெறி, பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் உருமாற்றி அனுப்ப வழி செய்தது. அதில் ஒரு முறை பேஸ்64. மூன்று பைட்டுகளை எடுத்து நான்கு குறிகளாக்குவது அதன் கணக்கு. யூடிஎஃப்-8 குறிமுறையில் 'க' போன்ற எழுத்துக்கும், கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். இடைவெளிக்கு ஒரே பைட்டு. ஆகவே 'கிணறு' மடலில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து, அது மூன்று வெவ்வேறு உருவங்களில் ஒன்றை எடுக்கும். போதாததற்கு, நீண்ட வரிகளை உடைக்கும்போது சொல்லும் நடுவில் உடையும். கோப்பில் இருப்பது இந்த உருமாறிய எழுத்துதான். கிரெப் அதை அவிழ்ப்பதில்லை.

சொல்லடைவு

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை வாசகர்களில் சிலர் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒரு சொல் எந்த நூலில் எங்கே வருகிறது என்பதை அறிய ஒவ்வொரு நூலையும் புரட்ட வேண்டாம். அகர வரிசையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இடங்கள் வரிசையாக இருக்கும். ஒரு முறை பட்ட பாடு, பிறகு வரும் எல்லாத் தேடலுக்கும் உதவுகிறது. மடல்களுக்கும் இதே வேலையைச் செய்யும் நிரல்கள் உண்டு.

அவற்றில் நாட்மச், மியூ இரண்டும் நன்கு பழகியவை. நாட்மச் என்றால் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று பொருள். கார்ல் வொர்த் 2009இல் வெளியிட்டது. மடலை இறக்காது, அனுப்பாது. தேடவும் அடையாளச் சீட்டு ஒட்டவும் மட்டுமே தெரியும். 'எம்', 'யு' என்ற இரண்டே எழுத்துள்ள மியூவை எழுதியவர் டிர்க்-யான் பின்னெமா. இரண்டுக்கும் அடியில் சொல்லடைவைக் கட்டுவது ஸேபியன் என்ற திறந்த மூல நூலகம். மடலின் பேஸ்64 உருவை முதலில் அவிழ்த்து, பிறகே சொற்களைப் பிரிக்கின்றன. கிரெப்பின் முதல் தடை இங்கே நீங்கிவிடுகிறது.

'நாட்மச் செட்டப்' என்று கொடுத்தால் உங்கள் பெயரும் மடல்கள் உள்ள அடைவும் கேட்கும். 'நாட்மச் நியூ' சொல்லடைவைக் கட்டும். புதிய மடல்கள் சேர்ந்த பின் மீண்டும் கொடுத்தால் அவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளும். 'நாட்மச் ஸர்ச்' என்பதன்பின் சொல்லைத் தந்தால் அந்தச் சொல் உள்ள மடல் இழைகள் வரும். 'ஃப்ரம்' என்று தட்டி முக்காற்புள்ளியிட்டு அனுப்பியவர் முகவரியையும், 'டேட்' என்று தட்டி முக்காற்புள்ளியிட்டு 2000..2003 என்று கால எல்லையையும் தந்து தேடலைக் குறுக்கலாம். மியூவில் இதே படிகளுக்கு 'மியூ இனிட்', 'மியூ இண்டெக்ஸ்', 'மியூ ஃபைண்ட்'. இணைப்பாக வந்த கோப்புகளின் பெயர்களை நாட்மச் தேடும்; ஆனால் பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கும் எழுத்தைத் தேடாது.

திஸ்கி காலத்து மடல்கள்

இவ்வளவும் செய்த பின்னும் நண்பரின் கிணறு அகப்படவில்லை. காரணம், அந்த மடல் யூனிகோடில் இல்லை.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை எழுதப் பல குறிமுறைகள் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டை அறிவித்தது. இவை தவிர எழுத்துரு செய்தவர்களின் சொந்தக் குறிமுறைகள். மடலின் தலைப்பகுதியோ, உள்ளே இருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று பொய் சொல்லும். நிரல் அதை நம்பிவிடும். திஸ்கியில் எழுதிய 'தமிழ்' அதன் கண்ணுக்கு ஒரு முக்கால் பின்னம், மேலே கோடிட்ட ஏ, சென்ட் நாணயக் குறி, மேலே கோடிட்ட யூ. நடுவில் வரும் நாணயக் குறி எழுத்து அல்ல என்பதால் சொல் அங்கேயே இரண்டாக உடையும். சொல்லடைவில் ஏறுவது இந்தச் சிதறல்தான்.

பரிகாரம் உண்டு. லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்ற நிரலுக்குத் திஸ்கி தெரியும் (சில வழங்கல்களில் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும்). திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஐகான்வ் அதையும் சரிசெய்துவிடும். வேலை வரிசை இது:

1. எல்லா மடல்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். மூலத்தில் கை வைக்கக் கூடாது.
2. மடலின் உடல் பேஸ்64 போன்ற உருவில் இருந்தால் முதலில் அவிழ்க்கவும்.
3. திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றவும். புரியாத பைட்டு வந்தால் ஐகான்வ் பாதியில் நின்றுவிடும்; கவனிக்கவும்.
4. தலைப்பகுதியில் குறிமுறைப் பெயரையும் யூடிஎஃப்-8 என்று திருத்தவும்.
5. 'நாட்மச் ரீஇண்டெக்ஸ்' கொடுக்கவும். கோப்பின் பெயர் மாறாததால் 'நாட்மச் நியூ' இந்த மாற்றத்தைக் கவனிக்காது.

டாம், டாப் மடல்களை ஐகான்வ் அறியாது. அவற்றுக்குத் தனி மாற்றிகள் வேண்டும்.

உருபு ஏற்ற சொற்கள்

'கிணறு' என்று தேடினால் 'கிணற்றில்', 'கிணற்றடி' வராது. சொல்லின் பின்பகுதியை விட்டுவிட நாட்மச் ஒரு வழி தருகிறது: இறுதியில் உடுக்குறி இடுவது. எங்கே வெட்டுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் மெய்யைத் தொடர்ந்து வரும் தனிக் குறிகள். ஆகவே 'கிணற*' என்று புள்ளியில்லாமல் தந்தால் கிணறு, கிணற்றில், கிணற்றடி மூன்றும் வரும். அதேபோல் 'வீட*' என்பது வீடு, வீட்டில், வீட்டுக்கு எல்லாவற்றையும் பிடிக்கும். உடுக்குறியை முனையம் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளாமலிருக்கச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் இடவும். சொல்லின் முன்பகுதியை இப்படி மறைக்க முடியாது. 'அக்கிணறு' தனியே தேட வேண்டியதுதான். பேச்சு வழக்கு இன்னொரு கதவு. நண்பர் 'கெணத்துமேடு' என்று எழுதியிருந்தார். 'கெணத*' என்று தேடியபோதுதான் அந்த மடல் வந்தது.

அதோடு அவருடைய வேறு 40 மடல்களும் வந்தன. அவற்றில் பலவற்றை நான் மறந்தே போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டி, மகளுக்குப் படியெடுத்து அனுப்பினேன்.

கடைசியாக ஒன்று. சொல்லடைவு அழிந்தால் மடல்களிலிருந்து மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஒட்டிய சீட்டுகள் சொல்லடைவில் மட்டுமே இருப்பவை. 'நாட்மச் டம்ப்' கொடுத்து அவற்றை அவ்வப்போது தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். திஸ்கி மடல்களை மாற்றும் வேலையையும் தள்ளிப்போட வேண்டாம். எந்த மடல் எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்பது இன்றைக்கு நமக்கு நினைவிருக்கிறது. நாளை நம் மடல்களைத் திறப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.