பிரெய்ல் இதழ்: நூலகம் வழியாக வீட்டுக்கு வர என்ன வேண்டும்?

பழைய நாவலை அடுத்த வருஷம்கூடப் படிச்சுக்கலாம். ஆனால் தேர்தல் அலசலும் வேலைவாய்ப்புச் செய்தியும் அந்த வாரமே கைக்கு வந்தால்தான் பயன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் பிரெய்ல் தெரிந்தவர்களுக்குப் பொது நூலகம் இதழ்களைக் கொடுக்க முடியுமா?

போன்லயே எல்லாத்தையும் கேட்டுக்கலாமே, எதுக்கு பிரெய்ல்?

கேட்கலாம். 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகம் அதற்குப் பெரிய உதவி. ஆனால் 'பனி'யா, 'பணி'யா என்பது காதில் சட்டென்று பிடிபடாது, விரலில் பிடிபடும். அட்டவணையும் கணக்கும் அப்படித்தான். பார்வையோடு செவித்திறனும் இல்லாதவர்களுக்கோ தொட்டுப் படிப்பதுதான் வழி.

தமிழில் பிரெய்ல் இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய மொழிகளுக்கான பொது முறையாக 'பாரதி பிரெய்ல்' 1951-ல் ஏற்கப்பட்டது. ஆறு புள்ளிகள்தான் அடிப்படை. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே வடிவம். இதழ் என்று பார்த்தால், 2012-ல் இந்தியில் 'ரிலையன்ஸ் திருஷ்டி', 2013-ல் மும்பையில் 'ஒயிட் பிரின்ட்' ஆங்கில மாத இதழ் ஆகியவை தொடங்கப்பட்டன.

காப்புரிமைச் சிக்கல் வராதா?

வராது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமின்றி பிரெய்ல் பிரதி எடுக்க உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற நூலகங்களுக்கும் இது பொருந்தும். பிரதி, தேவைப்படுபவர்களிடம் மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை.

தபால் செலவு?

பார்வையற்றோருக்கான வாசிப்புப் பொருட்களுக்கு அஞ்சல் துறையில் தனிப் பிரிவே உண்டு. 7 கிலோ வரையிலான பொட்டலத்துக்குத் தரைவழியில் கட்டணம் கிடையாது. நூலகத்துக்கு வந்துபோக முடியாதவருக்கு இதழை வீட்டுக்கே அனுப்பலாம்.

அப்போ எங்கே இடிக்குது?

முதல் தடை, மூல எழுத்துக் கோப்பு. பிரெய்லாக மாற்றும் மென்பொருளுக்கு யூனிகோட் எழுத்து வேண்டும். பழைய எழுத்துருவில் வடிவமைத்த பிடிஎஃப் கிடைத்தால், திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். நகலெடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கோப்பைக் கொடு என்று பதிப்பாளரை அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. அடுத்தது, புள்ளி அச்சிடும் இயந்திரம், தடித்த தாள், பிரெய்ல் தெரிந்த மெய்ப்புத் திருத்துநர். புத்தகம் என்றால் ஒருமுறை செலவு. இதழுக்கோ வாராவாரம், மாதாமாதம்.

நாம் என்ன செய்யலாம்?

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. உங்கள் ஊர் மாவட்ட நூலகத்தில் பிரெய்ல் இதழ் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்துப்பூர்வமாகக் கோருங்கள். பத்திரிகை, பதிப்புத் துறையில் வேலை பார்ப்பவரா? இதழ் வெளியாகும் நாளிலேயே யூனிகோட் கோப்பை நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தாமதத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.