ரஷ்யப் பனிமலையிலிருந்து திருப்போரூர் வரை



அரையாண்டு விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருப்போரூர் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போய்வந்த படங்களைப் போட்டிருந்தேன். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இது?” என்று கேட்டவர்கள் பத்துப் பேர். “அதுல ஏறினீங்களா இல்லையா?” என்று கேட்டவர்கள் இருபது பேர். ஏறினேன். எனக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் கிடையாது. அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஏறினேன். வரிசையில் நின்றிருந்தபோது பேத்தி கேட்டாள்: “இதை யார் தாத்தா மொதல்ல கண்டுபிடிச்சது?” ஒரே ஒரு ஆள் பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை முடிக்க முடியாது. அங்கே பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு ‘ரஷ்ய மலைகள்’ என்று பெயர். ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான். ரஷ்யாவில் போய்க் கேட்டால் ‘அமெரிக்க மலைகள்’ என்பார்கள். ஆளாளுக்கு அடுத்தவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

தொடக்கம் ரஷ்யாவில். அங்கே குளிர்காலத்தில் மரத்தால் உயரமாகச் சாரம் கட்டி, அதன் சரிவில் தண்ணீரை ஊற்றி உறைய விட்டு, சறுக்குப் பலகையில் உட்கார்ந்து இறங்குவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் எழுபது, எண்பது அடி உயரச் சாரங்கள் நின்றன. பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் குளிர்காலம் மட்டும் போதவில்லை. ஒரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில், கோடையிலும் இறங்குவதற்காகச் சக்கரம் வைத்த வண்டிகளோடு ஒரு சறுக்கு மலை கட்டினார்கள். சறுக்குப் பாதை இன்று இல்லை. அதன் தலைப்பில் கட்டிய மண்டபம் மட்டும் நிற்கிறது.

1817-இல் பாரிஸ் நகரத்தில் இரண்டு பூங்காக்களில் இது வந்தது. அங்கேதான் முக்கியமான ஒரு வேலை நடந்தது. வண்டியின் அச்சு நுனிகள் பக்கத்துச் சட்டத்தில் இருக்கும் பள்ளத்துக்குள் ஓடும்படி செய்தார்கள். வண்டி பாதையை விட்டுத் துள்ளாது. அதுவரை இறங்கியவர்கள் கடவுளை நம்பி இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் மௌக் சங்க் என்று ஒரு மலையூர். 1827-இல் அங்கே மலை உச்சிச் சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நிலக்கரி இறக்க ஒன்பது மைல் தண்டவாளம் போட்டார்கள். இன்ஜின் கிடையாது. நம் ஊரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு மலை இறங்கும் டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். கரி வண்டிகள் தன் பாரத்தால் இறங்கும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுக்கும். கழுதைகள் இறங்குவதற்கும் ஒரு வண்டி உண்டு. அதில் ஏறி இறங்கிப் பழகிய கழுதைகள், பிறகு என்ன அடித்தாலும் நடந்து இறங்க மறுத்துவிட்டன என்று ஒரு கதை சொல்வார்கள். பேத்தி சிரித்த இடம் இது. கொஞ்ச நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் காசு கொடுத்து ஏறத் தொடங்கினார்கள். 1870-களில் கரிக்கு வேறு பாதை வந்தபோது, இந்தப் பாதை முழுக்க முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கே ஆனது.

இதையெல்லாம் தொழிலாக மாற்றியவர் லாமார்கஸ் தாம்ப்சன். தையல் இல்லாத காலுறை பின்னும் தொழிலில் இருந்தவர், பக்தியுள்ளவர். இளைஞர்கள் சாராயக் கடைக்குப் போகிறார்களே, அவர்களுக்கு நல்லதாக ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம். 1884-இல் நியூயார்க் அருகே கோனி ஐலண்ட் கடற்கரையில் அவருடைய ரயில் ஓடியது. கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல். கள்ளக்குறிச்சி கடைவீதியில் காலையில் போகிற சைக்கிள் வேகம்கூட அதைவிட அதிகம். ஒரு முனை வந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும், ஆட்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளுவார்கள், மறுபடி ஏற வேண்டும். அப்படியும் கூட்டம் நெரிந்தது. போட்ட முதல் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த ஆண்டே ஒருவர் சங்கிலி வைத்து வண்டியை மேலே இழுத்தார். இன்றைக்கும் முதல் ஏற்றத்தில் கேட்கும் அந்த ‘டக் டக் டக்’, சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் ஓடிவிடாமல் பல்லில் மாட்டிக்கொள்ளும் பிடியின் சத்தம். வயிற்றைக் கலக்குகிற சத்தம்தான், ஆனால் நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான். 1919-இல் ஜான் மில்லர் என்பவர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டதால் வண்டி எந்தக் குலுக்கலிலும் எகிறாது. செங்குத்தாக இறக்கலாம் என்ற தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தலைகீழ்ச் சுற்று கதை தனி. 1895-இல் கோனி ஐலண்டில் ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்று ஒன்று கட்டினார்கள். சுற்று சரியான வட்டம். ஏறியவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள். காரணம் என்ன? என்னிடம் படித்தவர்கள் இப்போது பதில் சொல்ல வேண்டும். வட்ட இயக்கத்தில் உடம்பை அழுத்தும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆரம் சிறிதானால் விசை கூடும். சுற்றின் அடியில் வேகம் மிக அதிகம். அங்கே ஆரமும் சிறிதாக இருந்தால் கழுத்து என்ன ஆகும்? அடியில் ஆரத்தைப் பெரிதாக்கி, வேகம் குறைந்த உச்சியில் சிறிதாக்க வேண்டும். அதாவது வட்டம் கூடாது, நீர்த்துளியைத் தலைகீழாகப் பிடித்த வடிவம் வேண்டும். 1901-இலேயே ஒருவர் முட்டை வடிவம் வரை வந்தார். கணக்கை ஒழுங்காகப் போட்டு முடித்தது 1976-இல்; கலிபோர்னியாவில் ‘ரெவல்யூஷன்’ என்ற ரோலர் கோஸ்டருக்காக வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர். எண்பத்தோரு ஆண்டுகள்! பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இவ்வளவு காலமா என்று கேட்காதீர்கள். நடுவில் எஃகுக் குழாயால் தண்டவாளம் வளைக்கத் தெரிய வேண்டியிருந்தது, 1959-இல் டிஸ்னிலாண்டில்தான் அது வந்தது.

யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் கறுப்பின மக்களை உள்ளேயே விட மாட்டார்கள். வாஷிங்டன் அருகே கிளென் எக்கோ என்ற பூங்காவில் 1960 ஜூன் மாதம் கறுப்பின மாணவர்கள் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கைதானார்கள். அடுத்த ஆண்டு பூங்கா எல்லோருக்கும் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் இது வருகிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துவிட்டு, அங்கே கூட்டிப் போ என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், உன்னை விட மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது என்பதை அவர் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள்ளும் டீக்கடைக்குள்ளும் யாரை விட்டோம் என்று தெரிந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

நம் பக்கம் வருவோம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது திருவிழா ராட்டினம்தான். ராட்டினம் என்றால் நூல் நூற்கும் சக்கரம், அந்தப் பெயரே இதற்கும் வந்தது. நான்கு மரப் பெட்டி, கையால் சுற்றும் இரண்டு ஆட்கள். கூவாகம் திருவிழாவில் அதில் உச்சிக்குப் போய் நின்ற நேரம் இன்றும் வயிற்றில் இருக்கிறது. பூங்கா என்று இந்தியாவில் பேர் வாங்கியது டெல்லி அப்பு கர், 1984-இல். பிறகு மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்ட், கொல்கத்தாவில் நிக்கோ பார்க். தமிழ்நாட்டில் நம் தலைமுறைக்கு வி.ஜி.பி. கோல்டன் பீச். சிரிக்காமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்கப் பார்க்காத பள்ளிப் பிள்ளை உண்டா? 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. அதைக் கட்டியவர் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை எடுத்த நவோதயா அப்பச்சன். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் காட்சிக்காகச் சுழலும் அறையையே செய்து எடுத்த படம் அது. வொண்டர்லாக்காரர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, நம் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் வி-கார்டு ஸ்டெபிலைசர் செய்தவர். 2000-இல் கொச்சியில் தொடங்கி, 2005-இல் பெங்களூரு, 2025 டிசம்பரில் திருப்போரூர். தவணையில் வீட்டுச் சாமான் விற்றவர் வி.ஜி. பன்னீர்தாஸ். ஸ்டெபிலைசர் செய்தவர், படம் எடுத்தவர், காலுறை பின்னியவர் என்று எங்கிருந்தோ வந்தவர்கள்தான் இந்தத் தொழிலை வளர்த்திருக்கிறார்கள்.

திருப்போரூரில் நான் ஏறியது ‘தஞ்சோரா’. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். இந்த வகை முதன்முதலில் 1992-இல் அமெரிக்காவில் ஓடியது. சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் - மாபில்லார்ட் நிறுவனம் செய்தது. அதே நிறுவனம் செய்த இந்த வகை இந்தியாவில் இதுவே முதல். எப்படி இருந்தது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டேன். பேத்தி மூடவில்லை.

ஏறும் இடத்தில் உயரம் அளக்கும் பலகை ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் 2009-க்குப் போய்விட்டேன். அப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருந்தேன். மலையின் கதையை இளைய நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. 2024-இல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரைச் சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனோம். கச்சிராயபாளையம் வந்து பஸ் ஏறவே அவர்கள் விடிகாலை மலை இறங்கியிருந்தார்கள். ஜீப்பில் தொங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய பிள்ளைகள். எங்கள் டவுன் ஆசிரியர்கள் அலறிய இடத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ரோலர் கோஸ்டருக்கு வந்தோம். 140 சென்டிமீட்டர் கோடு. ஒவ்வொருவராக நின்றார்கள். பதினோரு பேர் நின்றுபோனார்கள். ஒரு பெண் குதிகாலை மெல்ல உயர்த்தினாள். அங்கிருந்த பையன் பார்த்துவிட்டான், திட்டவில்லை, “இறக்கும்மா” என்றான். அவன் செய்தது சரி. தோள் பிடி உடம்பில் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அவள் என்னிடம் வந்து, “அடுத்த வருசம் வந்தா ஏத்துவாங்களா சார்?” என்று கேட்டாள்.

பதினான்கு வயதுப் பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடு உயரம் சுமார் 160 செ.மீ. சுமார் 146-க்குக் கீழே போனால் வளர்ச்சிக் குறைவு என்று கணக்கு. அந்தக் குறைவு பெரும்பாலும் தாய் வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதுக்குள்ளும் விழுகிறது. அம்மா என்ன சாப்பிட்டாள், குழந்தைக்கு எத்தனை முறை பேதியானது, நல்ல தண்ணீர் இருந்ததா என்பதில் விழுகிறது. பதினான்கு வயதில் விடுதியில் கொடுக்கும் முட்டை பழைய பாக்கியை முழுக்கக் கட்டாது. பதினோரு பேரும் அதே மலைப் பிள்ளைகள். கூட வந்த ஆசிரியர் ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு, கோட்டைத் தாண்டி ஏறிப் போனாள்.

அன்று அந்தப் பதினோரு பேரோடு நானும் கீழேயே இருந்தேன். ஐஸ் வாங்கினோம். மேலே ஏறியவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்ததும் விடுதிக் கதவுச் சட்டத்தில் கோடு போட்டு மாதா மாதம் அளந்தோம். பிள்ளைகளே போட்டி போட்டு அளந்தார்கள். அந்தப் பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது 143. அந்த ஆண்டு சுற்றுலாவுக்குப் பணம் சேரவில்லை. பதினோரு பேரில் மூன்று பேர் நடுவிலேயே பெற்றோரோடு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து திருப்போரூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் வருகிறது, பஸ், சாப்பாடு தனி. மலைப் பள்ளி ஒன்றில் இப்போது பணிபுரியும் தம்பி ஒருவர், ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். முன்னாள் மாணவர்கள் சிலரிடம் பேசி வருகிறேன். பங்குகொள்ள விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். 2009 சுற்றுலாவில் எடுத்த குழுப் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள், என்னிடம் இருந்தது மழையில் நனைந்துவிட்டது.